ஒரு கார் வாங்கின கதை

எங்கட ஆட்கள் நாலு பேர் ஒரு இடத்தில் கூடினால் முன்பெல்லாம் அரசியல்தான் கதைப்பார்களாம். இப்போது ரயர் கதைக்கிறார்கள். ரயர், காப்புறுதி, ரியூவ், எந்தக் கடையில் அரிசி மலிவு, யார் வீட்டுச் சோபாவை எந்த வானில் ஏற்றுவது, இவைதான் எங்கள் கதை. சிலர் இதைக் குறையாகச் சொல்லுகிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. மார்கழிக் குளிரில் விடிய நாலரைக்கு வராத பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றவனுக்கு ரயர் கதை சின்னக் கதை அல்ல.

நாங்கள் இருப்பது டோர்ட்முண்ட் பக்கத்தில். சனிக்கிழமைகளில் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, அவர்கள் வெளியே வரும் வரைக்கும் கார் தரிப்பிடத்தில் நிற்போம். ஒருவர் கராஜ் அண்ணை. ஊரில் கராஜில் வேலை பழகியவர், இங்கே பெட்டி அடுக்குகிறார். மற்றவர் மாமா. அவர் 1985இல் வந்தவர். கிழக்கு பேர்லினில் விமானத்தால் இறங்கி, ரயிலேறி மேற்கு பேர்லினுக்கு வந்து சேர்ந்த அந்தக் காலத்து ஆட்களில் ஒருவர். எல்லாருக்கும் அவர் மாமாதான், எனக்கும் மாமா, என் பிள்ளைக்கும் மாமா. நாலாவது ஆள் தம்பி. எங்களுக்குள் கடைசியாக இந்த நாட்டுக்கு வந்தவன். அவனுக்குப் பிள்ளை ஊரில். ஆனாலும் சனிக்கிழமை வந்து எங்களோடு நிற்பான்.

தம்பிக்கு ஒரு இரும்புத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. வீட்டிலிருந்து 27 கிலோமீற்றர். காலை வேலை 6 மணிக்குத் தொடங்கும். முதலாவது பஸ் அந்தப் பக்கம் போய்ச் சேர 6.40 ஆகிவிடும். முதல் இரண்டு கிழமையும் கூட வேலை செய்கிற ஒரு போலந்துக்காரர் ஏற்றிக்கொண்டு போனார். பிறகு அவரை இரவு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். தம்பி இரண்டு நாள் பிந்திப் போனான். மேற்பார்வையாளர் கையால் மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினாராம். முதல் 6 மாதமும் பரீட்சைக் காலம். அதற்குள் காரணம் சொல்லாமலே இரண்டு கிழமை தவணையில் நிற்பாட்டலாம். வேலை போனால் சம்பளத் துண்டு இல்லை. சம்பளத் துண்டு இல்லாவிட்டால் மனைவியையும் பிள்ளையையும் கூப்பிடுகிற அலுவல் அப்படியே நின்றுவிடும். ஆகவே தம்பி கேட்டது கார் அல்ல, வேறு ஒன்று என்பது எங்கள் எல்லாருக்கும் விளங்கியது.

லைசன்ஸ் எடுத்துத்தான் இருந்தான். அதுவே பெரும் பாடு. எங்கள் நாட்டு லைசன்ஸ் இங்கே வதிவாகி 6 மாதத்துக்குத்தான் செல்லும். பிறகு எழுத்துச் சோதனை, ஓட்டச் சோதனை இரண்டும் எழும்ப வேண்டும். எழுத்துச் சோதனையை ஜேர்மன் தவிர 12 மொழிகளில் எழுதலாம், தமிழ் அதில் இல்லை. ஓட்டப் பழகுகிற செலவும் இப்போது 3,000 யூரோவை எட்டிவிடுகிறது. அதற்கு ஒரு வருடம் உழைத்துவிட்டு, காருக்கு என்று சீட்டொன்றைக் கழிவுக்குக் கூறி எடுத்தான். கையிருப்போடு சேர்த்து 3,400 யூரோ.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு கைத்தொலைபேசியில் படம் அனுப்பினான். வெள்ளி நிறக் கோல்ஃப். 2009ஆம் ஆண்டு. 118,000 கிலோமீற்றர். விலை 2,900. "அண்ணை, நாளைக்கே எடுப்பம். திங்கள் காலமை வேலை" என்று குரல் பதிவு வேறு.

சனிக்கிழமை நாலு பேருமாகப் போனோம். காரைக் கழுவி மினுக்கி வைத்திருந்தார்கள். தம்பி சுற்றிச் சுற்றிப் பார்த்தான். கராஜ் அண்ணை பார்க்கவில்லை, முதலில் பொனட்டில் கையை வைத்தார். சூடு. "நாங்கள் வாறதுக்கு முன்னமே ஸ்ராட் பண்ணி வைச்சிருக்கினம்" என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார். பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. குளிர்ந்த எஞ்சின் எப்படி ஸ்ராட் ஆகிறது என்பதுதான் அதன் உண்மைக் குணம். சூடான எஞ்சின் எல்லாமே நல்ல பிள்ளை மாதிரி நடக்கும்.

பிறகு எண்ணெய் ஊற்றுகிற மூடியைக் கழற்றி அடிப்பக்கம் பார்த்தார். பால் ஆடை மாதிரி வெள்ளையாய்ப் படிந்திருந்தால் எண்ணெயோடு தண்ணீர் கலக்கிறது என்று எண்ண இடமுண்டு. குளிர் காலத்தில் சின்னச் சின்ன ஓட்டம் ஓடினாலும் கொஞ்சம் அப்படி வரும். அதனால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பார். இங்கே மூடி சுத்தம். காலடிக் கம்பளத்தைத் தூக்கி ஈரம் பார்த்தார். சக்கரத்துக்கு மேலே வளைவில் சின்னக் காந்தம் ஒன்றை ஒட்டிப் பார்த்தார். தகரம் இருந்தால் காந்தம் பிடிக்கும், பூச்சு மாவால் அடைத்திருந்தால் விழும். அதுவும் பிடித்தது. தம்பியின் முகத்தில் வெளிச்சம் வந்தது.

ரியூவ் பத்திரம் எங்கே என்று மாமா கேட்டார். கடைசிப் பத்திரம் ஒன்றுதான் இருக்கிறது, பழையவை தொலைந்துவிட்டன என்றார் விற்கிறவர். இந்த நாட்டில் காரைப் புதிதாய்ப் பதிந்து 3 வருடத்திலும், பிறகு 2 வருடத்துக்கு ஒரு முறையும் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு சோதனைப் பத்திரத்திலும் அன்றைய கிலோமீற்றர் எழுதியிருக்கும். அந்தப் பத்திரங்களை வரிசையாக வைத்தால் காரின் சாதகம் மாதிரி. அது தொலைந்துவிட்டது என்றால் மனம் கொஞ்சம் இடறும்.

அந்த நேரம்தான் கராஜ் அண்ணை பொனட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு "தம்பி, இஞ்சை வா" என்றார். உள்ளே ஒரு குழாயில் எண்ணெய் மாற்றுகிற போது கட்டிவிடுகிற சின்ன அட்டை தொங்கியது. எண்ணெய் படிந்து கறுத்துப் போயிருந்தது. விரலால் துடைத்துக் காட்டினார். ஐந்து வருடத்துக்கு முந்திய திகதி. பக்கத்தில் 141,000 கிலோமீற்றர்.

ஐந்து வருடத்துக்கு முன் 141,000 ஓடின கார் இன்றைக்கு எப்படி 118,000? கிலோமீற்றரைக் குறைப்பது இங்கே 2005 முதல் தண்டனைக்குரிய குற்றம். ஆனாலும் நடக்கிறது. விற்கிறவர் தனக்கு ஒன்றும் தெரியாது, தானும் இப்படித்தான் வாங்கினேன் என்றார். இருக்கலாம். பிறகு, இன்றைக்கே எடுத்தால் 2,500 என்றார்.

தம்பி காசை எடுக்கப் போனான். மாமா கையைப் பிடித்தார். அப்போதுதான் அவன் அந்தச் சொல்லைச் சொன்னான்.

"உங்களுக்கெல்லாம் கார் இருக்கு. அதால கதைக்கிறியள்."

ஒருவரும் பதில் சொல்லவில்லை. சொல்லவும் ஏலாது. திரும்பி வரும்போது காருக்குள் மூச்சு விடுகிற சத்தம்தான். பாதி வழியில் மாமா தன்பாட்டில் கதைக்கத் தொடங்கினார். 1990இல் தான் வாங்கின முதல் கார் ஓப்பல் கடெற், 800 மார்க். வாங்கி மூன்றாம் நாள் மழை. கால் வைக்கிற இடத்தில் தண்ணீர். கம்பளத்தைத் தூக்கினால் கீழே றோட்டுத் தெரிகிறதாம். "அதுக்குத் தகரம் ஒட்டி, பிறேக் மாத்தி, ரியூவில விழுந்து, திரும்பவும் விழுந்து... 800 மார்க் கார் 2,000 மார்க் தின்டது. அந்தக் காசில அம்மாவுக்குக் கண் பாத்திருக்கலாம்." தம்பி யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். கேட்டானோ தெரியாது.

வீட்டு வாசலில் இறக்கும்போது மாமா சொன்னார்: "திங்கள், செவ்வாய் நான். புதன், வியாழன் இவன். வெள்ளி அண்ணை. நல்ல கார் வருமட்டும்."

என்னைக் கேட்கவில்லை. அந்தக் கிழமை எனக்குப் பின்னேர வேலை. இரவு பத்து மணிக்கு வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுப் படுக்கப் பன்னிரண்டு ஆகும். பிறகு நாலரைக்கு எழும்ப வேண்டும். மனைவி "என்னப்பா இது" என்றாள். இரண்டாம் நாள் அவளே தம்பிக்கும் சேர்த்துத் தேத்தண்ணி போத்தலில் ஊற்றித் தந்தாள்.

அப்படி மூன்றரைக் கிழமை ஓடியது. காருக்குள் தம்பி அதிகம் கதைக்க மாட்டான். இறங்கும்போது சீற்றில் 5 யூரோத் தாளை வைத்துவிட்டுப் போவான். நான் பின்னேரம் திருப்பிக் கொடுப்பேன். மாமாவின் காரிலும் அப்படித்தான். மாமி அந்தத் தாள்களையெல்லாம் சேர்த்து இறைச்சி வாங்கி றோல்ஸ் சுட்டு அவனுக்கே அனுப்பினா. கணக்கு எப்படி முடிந்தது என்று எங்களுக்குத் தெரியாது.

எங்கள் ஆட்களில் சிலர் கடனுக்குப் பென்ஸ் எடுத்து, சாமத்தியவீட்டு மண்டப வாசலில் படத்துக்கு விட்டுவிட்டு, மாதக் கட்டணம் கட்ட இரண்டு வேலை செய்கிறார்கள். அது அவரவர் விருப்பம். ஆனால் எங்களிடையே ஒரு கார் ஒரு ஆளுக்கு ஓடுவதில்லை. அது ஆஸ்பத்திரிக்கு ஓடும். டுசல்டோர்ப் விமான நிலையத்துக்கு ஓடும். யாராவது வீடு மாறினால் கட்டில் காலோடு ஓடும். சனிக்கிழமை பின்னால் போத்தல் பையோடு கடைக்கு ஓடும். பிளாஸ்ரிக் போத்தல் ஒன்றுக்கு 25 சதம். நாற்பது போத்தல் போட்டால் 10 யூரோ. அதில் கத்தரிக்காயும் பாலும் வாங்கிவிடலாம். கடைக்காரன் மூடுமுன் ஓட வேண்டும், ஞாயிறு எல்லாம் பூட்டு.

நாலாம் கிழமை மாமாதான் செய்தி கொண்டுவந்தார். அவர் இருக்கிற கட்டடத்தில் கீழ்மாடியில் ஒரு ஜேர்மன் அம்மா. கணவர் இறந்து எட்டு மாதம். கார் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் சும்மா நிற்கிறது. ஓப்பல் கோர்சா, 2012ஆம் ஆண்டு, 64,000 கிலோமீற்றர். 3,600 யூரோ கேட்கிறா.

அந்த அம்மா ஒரு கோப்பை மேசையில் வைத்தா. எல்லா ரியூவ் பத்திரமும், எண்ணெய் மாற்றின பில் ஒவ்வொன்றும், பற்றி மாற்றின துண்டும் திகதி வரிசையில். கராஜ் அண்ணை அதை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். ஆனாலும் விட்டுவிடவில்லை. பொனட்டில் கை வைத்தார், குளிர்ந்திருந்தது. மூடியைப் பார்த்தார், காந்தத்தை ஒட்டினார், குனிந்து ரயரைப் பார்த்தார். ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் கிழமை, பின் இரண்டும் ஆண்டு. இங்கே 1416. 2016ஆம் ஆண்டு 14ஆம் கிழமை செய்தது. ஆழம் இருந்தது, ஒரு யூரோக் குற்றியைச் செருகினால் வெளிப் பொன் வளையம் மறைந்துதான் போனது. ஆனால் றப்பர் காய்ந்து வெடித்திருந்தது. பனிக்கு இது ஆபத்து என்றார். 2024 ஐப்பசியிலிருந்து மலையும் பனிப்பூவும் அடையாளம் போட்ட ரயர்தான் பனிக்கு ஏற்றது என்பது சட்டம். மாமா அதை அம்மாவுக்கு டொச்சில் விளக்கினார். அவ ஒரு தாளில் கணக்குப் பார்த்து 3,300 என்று எழுதினா.

பிறகு ஒரு கேள்வி கேட்டா. யார் ஓடப் போவது, எங்கே ஓடப் போவது? தம்பி தனக்குத் தெரிந்த டொச்சில் தானே சொன்னான். காலை வேலை, 27 கிலோமீற்றர், மனைவி, பிள்ளை வர வேண்டும். முன் பலகையில் ஒரு சின்னக் கிறிஸ்தோபர் புனிதர் தகடு ஒட்டியிருந்தது. அவரது கணவர் ஒட்டினதாம். கழற்றித் தரவா என்று தம்பி கேட்டான். இருக்கட்டும் என்றா. இப்போது அதற்குப் பக்கத்தில் பிள்ளையார் இருக்கிறார்.

பதிவுக் கந்தோருக்குப் போகிறவர்களுக்கு ஒரு சொல். காரின் இரண்டு பத்திரமும், ரியூவ் பத்திரமும், காப்புறுதிக் கொம்பனி தருகிற 7 எழுத்து இலக்கமும், வரி வெட்டுவதற்கு வங்கிக் கணக்கு இலக்கமும் வேண்டும். எங்களைப் போன்றவர்கள் கடவுச்சீட்டோடு வதிவுப் பத்திரமும் கொண்டு போக வேண்டும். ஒன்று குறைந்தாலும் திருப்பி விடுவார்கள், அடுத்த நேரம் எப்போது கிடைக்குமோ தெரியாது. காப்புறுதி புது ஓட்டுநருக்கு நெருப்பு விலை. நாலைந்து கொம்பனிகளில் விலை கேட்டுவிட்டு முடிவு எடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஹம் காமாட்சி அம்பாள் கோவிலுக்குப் போனோம். நாலு ரயருக்குக் கீழும் எலுமிச்சம்பழம். புது ரயர், அண்ணை கடனுக்கு எடுத்துத் தந்தது. தம்பி மெல்ல முன்னுக்கு எடுத்தான். மூன்று பழம் நசிந்தது, நாலாவது உருண்டு ஓடிவிட்டது. மாமா அதைத் துரத்திப் பிடித்து வந்து திரும்ப வைத்தார்.

திங்கள் காலை 5.35க்கு வேலைத்தல வாசலில் காரை விட்டுப் படம் அனுப்பியிருந்தான். செவ்வாய் பின்னேரம் அவனுக்கு முதலாவது அழைப்பு வந்ததாம். அடுத்த தெருவில் இருக்கிற அக்கா.

"தம்பி, கார் வாங்கிற்றீராமே, சந்தோசம். வியாழக்கிழமை இவருக்குக் கண் டொக்ரர். உமக்கு எத்தினை மணிக்கு வேலை முடியும்?"