வெண்ணெய் செய்த வேலையை யார் செய்வது?

கொழுப்பு குறைந்த ஓட்ஸ் குக்கிக்கான குறிப்புகளில் பெரும்பாலானவை ஒரே வரியில் கதையை முடித்துவிடும்: வெண்ணெய்க்குப் பதில் மசித்த வாழைப்பழம் போடுங்கள். அதை நம்பி அப்படியே போட்டால், அவனிலிருந்து வெளியே வருவது வட்டமாகத் தட்டிய வாழைப்பழக் கேக். பஞ்சு மாதிரி இருக்கும், மறுநாள் கையில் ஒட்டும். வீட்டில் ஆளுக்கு ஒன்று எடுத்துக் கடித்து, "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு முறுக்கு டின்னைத் தேடிப் போவார்கள்.

வெண்ணெயை எடுத்துவிடுவது சுலபம். அது அங்கே என்னென்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்று யாரும் கேட்பதில்லை. வெண்ணெயில் எண்பது விழுக்காட்டுக்கும் மேல் கொழுப்பு. அது மாவைச் சுற்றிப் படிந்து, கோதுமையின் குளூட்டன் இழுவையாக வளராமல் தடுக்கிறது. கடித்தால் பொடிவது அதனால்தான். சீனியோடு சேர்த்து அடித்தால் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சூட்டில் உருகி, உருண்டையைத் தட்டையாக்கும். பட்டை, ஏலக்காய் மணத்தை நாக்குவரை கொண்டு சேர்ப்பதும் அதுவே. வாழைப்பழத்தில் முக்கால்வாசி தண்ணீர். அது ஈரம் தரும், இனிப்புத் தரும், அவ்வளவுதான். மற்ற வேலைகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாக வேறு வழி பார்த்தாக வேண்டும்.

முதலில் ஓட்ஸ். அது இந்த மண்ணில் விளையாத தானியம். ஆனால் கேப்டன் ஓட்ஸ் தயாரிக்கும் ஃபெடரல் ஓட்ஸ் மில்ஸ் ஆலை, பினாங்கு மாநிலத்தில், செபராங் ஜெயாவுக்குப் பக்கத்தில் பட்டர்வொர்த்தில்தான் இருக்கிறது. எங்கள் பக்கத்துச் சரக்கு என்றே சொல்லலாம். கடையில் வகை பார்த்து எடுக்க வேண்டும். முழுத் தானியத்தை ஆவியில் வேகவைத்து உருளைகளுக்கு நடுவே நசுக்கினால் ரோல்டு ஓட்ஸ். முதலில் துண்டாக்கி, இன்னும் மெல்லிசாக நசுக்கினால் சீக்கிரம் வேகும் வகை. இன்ஸ்டன்ட் அதையும்விட மெல்லிசு. மைலோவில் கலந்து குடிக்க நல்லது, குக்கியில் ஈரம் பட்டதும் கூழாகிவிடும். எனக்கு ரோல்டு ஓட்ஸ்தான். இன்னொன்று, ஓட்ஸில் அரிசி, கோதுமையைவிடக் கொழுப்பு கூடுதல், நூறு கிராமில் ஏழு கிராம் போல. அந்தக் கொழுப்பைச் சிதைக்கும் நொதியை ஆலையில் சூட்டால் அடக்கிவிடுகிறார்கள். இருந்தாலும் பிரித்த பாக்கெட் நம் வெக்கையில் நாள்பட்டுக் கிடந்தால் காறல் வாடை வரும். முகர்ந்து பார்க்காமல் ஓட்ஸைக் கிண்ணத்தில் கொட்டுவதில்லை.

பிறகு வறுவல். வெண்ணெய் அவனில் சிவந்து தரும் கமகம வாசனைக்கு ஈடு இதுதான். குவாலியில் எண்ணெய் விடாமல், சின்னத் தீயில், கை ஓயாமல் கிளற வேண்டும். நெய்யுருண்டைக்குப் பாசிப்பருப்பு வறுத்துப் பழகியவர்களுக்குத் தனிப் பாடம் வேண்டாம்: நிறம் மாறும்வரை காத்திருக்காமல், வாசனை எழுந்ததும் இறக்கிவிட வேண்டும். வறுத்ததில் நாலில் ஒரு பங்கை மிக்ஸியில் மாவாக அரைத்துக்கொள்வேன். ஓட்ஸ் மாவில் குளூட்டன் கிடையாது. ஆகவே கோதுமை மாவை அந்த அளவுக்குக் குறைக்கலாம், இழுவையும் குறையும். வெண்ணெயின் முதல் வேலைக்கு ஆள் கிடைத்தாயிற்று.

மணத்துக்கு வருகிறேன். இந்தக் குக்கியில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. வெண்ணெய் போன குக்கியில் எவ்வளவு ஏலக்காய் தட்டிப் போட்டாலும் மணம் மந்தமாகவே இருக்கும். ஏலம், பட்டை, ஜாதிக்காயின் மணப்பொருள்கள் தண்ணீரைவிட எண்ணெயில்தான் நன்றாகக் கரையும். இதற்கு விடை நம் அடுப்பங்கரையிலேயே இருக்கிறது: தாளிப்பு. இரண்டு மேசைக்கரண்டி கனோலா எண்ணெயைச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, ஏலப்பொடி, பட்டைப்பொடி, சீவிய ஜாதிக்காய் மூன்றையும் அதில் போட்டு மூடி வைத்துவிடுவேன். பொடி கருகக் கூடாது. எண்ணெய் ஆறுவதற்குள் மணம் முழுக்க அதில் இறங்கிவிடும். ஜாதிக்காய்க்குப் பினாங்குக்காரர்கள் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் இந்தத் தீவுக்கு வந்த மரம் அது. பாலிக் புலாவ் பக்கம் இன்றும் காய்க்கிறது. பொடியாக வாங்காமல் கொட்டையாக வாங்கிச் சீவினால்தான் அந்தக் காரமான மணம். எண்ணெயில் கஞ்சத்தனம் பார்த்து அதையும் எடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. கொழுப்பே இல்லாத குக்கியை இரண்டாவது முறை யாரும் கேட்க மாட்டார்கள். பாமாயில் மலிவுதான், ஆனால் அதில் பாதியளவு நிறைவுற்ற கொழுப்பு. வெண்ணெயை விட்டுவிட்டு அதற்குப் போவதில் பெரிய லாபம் இல்லை.

என் அளவு இது. ரோல்டு ஓட்ஸ் 150 கிராம், ஆட்டா மாவு 80 கிராம், தாளித்த எண்ணெய், ஒரு முட்டை, நன்றாகக் கனிந்து தோலில் புள்ளி விழுந்த பிசாங் மாஸ் மசித்து 100 கிராம், குலா மலாக்கா 60 கிராம், உலர் திராட்சை 50 கிராம், சமையல் சோடா அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகைக்குக் கொஞ்சம் கூட. பிசாங் மாஸ் கிடைக்காத நாளில் பெராங்கான் போடலாம். ரஸ்தாளியின் புளிப்பு எனக்கு இதில் ஒத்துவரவில்லை. குலா மலாக்காவைச் சீவி, ஒரு கரண்டி தண்ணீரில் கரைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள், தூசி இருக்கும். ஈரமானவற்றைத் தனியாகவும் உலர்ந்தவற்றைத் தனியாகவும் கலந்து, கடைசியில் இரண்டையும் சேர்த்து, மாவு மறைந்ததும் கரண்டியை வைத்துவிட வேண்டும். அடிக்க அடிக்கக் கேக்தான் வரும். குளிர்பெட்டியில் அரை மணி நேரம் இருந்தால் ஓட்ஸ் ஈரத்தைக் குடித்து, கை பிடிக்கும் பதத்துக்கு வந்துவிடும்.

உருகிப் பரவ வெண்ணெய் இல்லையே, ஆகவே அந்த வேலையைக் கையாலேயே செய்ய வேண்டும். உருண்டை பிடித்துத் தட்டில் வைத்து, ஈர முள்கரண்டியால் அரை அங்குலத்துக்கும் குறைவாக அழுத்துங்கள். எப்படி வைக்கிறோமோ அப்படியேதான் வெந்து வரும். 175 டிகிரி செல்சியஸில் 13 முதல் 15 நிமிடம். ஓரம் சிவந்து நடு இன்னும் மெத்தென்று இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். கொழுப்பு உள்ள குக்கி இரண்டு நிமிடம் கூடுதலாக நின்றாலும் தாங்கும், இது அட்டையாகிவிடும்.

இந்த அளவில் இருபத்து நாலு வரும். கூட்டிப் பார்த்தால் ஒன்றில் ஏறக்குறைய இரண்டு கிராம் கொழுப்பு; அரைக்கட்டி வெண்ணெய் போட்டால் நாலரையைத் தொடும். சீனியோ, பழத்தில் இருப்பதையும் சேர்த்தால், ஒன்றுக்கு நாலு கிராமுக்கு மேல், அதாவது ஒரு தேக்கரண்டி. இந்த இரண்டாவது கணக்கைத்தான் யாரும் சொல்வதில்லை. 1992-இல் அமெரிக்காவின் நாபிஸ்கோ நிறுவனம் ஸ்நாக்வெல்ஸ் என்று கொழுப்பில்லாத, கொழுப்பு குறைந்த குக்கிகளை இறக்கியபோது கடைகளில் அலமாரி காலியானது. கொழுப்பு போன இடத்தில் சீனி உட்கார்ந்திருந்தது. கொழுப்பில்லை என்ற தைரியத்தில் மக்கள் பெட்டி பெட்டியாகத் தின்றார்கள்.

நம் வீடுகளில் அந்தத் தைரியம் இன்னும் ஆபத்து. 2019-இல் எடுத்த தேசியச் சுகாதார, நோய்நிலை ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு; இந்தியர்களில் மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. எங்கள் வீட்டிலும் இனிப்பு நீருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் இருக்கிறார். "ஓட்ஸ்தானம்மா, உடம்புக்கு நல்லது" என்று மாமா நாலாவது குக்கிக்குக் கை நீட்டும்போது இந்தக் கணக்கைச் சொல்வேன். ஓட்ஸின் பீட்டா குளுக்கான் நார்ச்சத்து நாளுக்கு 3 கிராம் உள்ளே போனால் இதய நோய் அபாயம் குறைய உதவலாம் என்று உணவுப் பாக்கெட்டில் அச்சிட அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1997-இல் அனுமதி தந்தது. என் குக்கி ஒன்றில் அது கால் கிராம் தேறும். 3 கிராமுக்குப் பன்னிரண்டு தின்ன வேண்டும், கூடவே பன்னிரண்டு தேக்கரண்டி சீனியும் போகும். நார்ச்சத்துக்குக் காலையில் கஞ்சி போட்டுத் தருகிறேன். இது கோப்பி நேரத்துப் பலகாரம், அவருக்கு ஒன்று, பள்ளிவிட்டு வரும் பிள்ளைக்கு இரண்டு.

பாதுகாப்பதில் நம் ஊர்க் காற்றோடு மல்லுக்கட்டு உண்டு. கொழுப்பு குறைந்து ஈரம் கூடியதால், மழை நாளில் மேசைமேல் விட்டால் ஒரு ராத்திரியிலேயே தொய்ந்துவிடும். முழுக்க ஆறியபிறகே டின்னில் போடுங்கள். மூன்றாம் நாளிலிருந்து குளிர்பெட்டி. தொய்ந்ததை 150 டிகிரியில் ஐந்து நிமிடம் காட்டினால் ஓரம் மறுபடி மொறுமொறுக்கும். நான் பாதி மாவைத்தான் ஒரு நேரத்தில் சுடுவேன், மீதியை உருண்டை பிடித்து உறையவைத்துவிடுவேன். டின் நிறைய இருந்தால் கை அதன் பக்கமே போகும்.

தீபாவளிக்கு ஆர்டர் எடுத்துச் செய்யும் பலகாரத்துக்கு மட்டும் இந்த அளவுகோல் செல்லாது. சுஜி பிஸ்கட்டுக்கு நெய்யைக் குறைத்து ஆர்டர் கேட்டால், வேண்டாம் அக்கா, பாதி டின் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவேன்.