ரெஜிஸ்டர் போன நெபுலா

மலருக்கு ஏதாவது எழுது என்றார்கள். கவிதை நமக்கு வராது. எனவே, நான் போட்டோ எடுத்த கதையைச் சொல்கிறேன். காமிராவைத் தொடாமலே எடுத்த போட்டோ!

இரண்டாம் செமஸ்டர் கணக்கில் எனக்கு அரியர் விழுந்தது ஊருக்கே தெரியும். (உங்களில் பாதிப் பேர் அதே பஸ்ஸில் வந்தவர்கள்தானே!) இரண்டு தடவை எழுதியும் போகவில்லை. அன்றிலிருந்து அப்பா என்னிடம் பேச்சைக் குறைத்துக் கொண்டார். சிவகாசியில் 25 வருடமாக ஆஃப்செட் மிஷினில் நிற்கிறவர். "படிக்கிறவன் படிக்கணும்" என்பதோடு சரி.

அந்த ஜனவரியில்தான் மைக்ரோ அப்சர்வேட்டரி பற்றித் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் ஹார்வர்டு-ஸ்மித்சோனியன் வானியற்பியல் மையம் நடத்துவது. 6 அங்குல டெலஸ்கோப்தான். எதைப் பார்க்க வேண்டும், எத்தனை வினாடி, எந்த ஃபில்டர் என்று எழுதி அனுப்பினால், இரவில் அதுவே படமெடுத்து ஈமெயிலில் அனுப்பிவிடும். காசு கிடையாது! அரிசோனாவில் இரவு பத்து மணி என்றால் நமக்கு மறுநாள் காலை பத்தரை. அட்டெண்டன்ஸில் "பிரசென்ட் சார்" சொல்லும்போது அங்கே எனக்காக ஒரு டெலஸ்கோப் திரும்பிக் கொண்டிருக்கும் என்று நினைத்தாலே சிலிர்க்கும்.

கேட்டது ஓரியன் நெபுலா. சுமார் 1,340 ஒளியாண்டு தூரம். 1880 செப்டம்பர் 30 அன்று ஹென்றி டிரேப்பர் என்பவர் 51 நிமிடம் காத்திருந்து இதை முதன்முதலில் படம் பிடித்தார். எனக்கு 60 வினாடி போதுமாயிருந்தது.

ஆனால் வந்தது கறுப்பு வெள்ளை! விஷயம் இதுதான்: அந்தக் காமிராவுக்கு நிறம் தெரியாது. சிவப்பு, பச்சை, நீலம் என்று ஃபில்டர் மாற்றி மூன்று படம் எடுத்து, நாம்தான் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். மூன்று ராத்திரி, மூன்று படம். கம்ப்யூட்டரில் சேர்த்தேன். ஒவ்வொரு நட்சத்திரமும் மூன்றாகத் தெரிந்தது. சாயம் போன சேலை மாதிரி ஒரு மேகம். மனசு விட்டுப் போச்சு.

பின்னால் அப்பா நின்றதைக் கவனிக்கவில்லை.

"என்னய்யா, ரெஜிஸ்டர் போயிருக்கு?"

திடுக்கிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்தார். "நாலு கலர் பிளேட்டும் ஒண்ணுமேல ஒண்ணு உட்காரணும். இல்லன்னா சாமி படத்துக்கு ரெண்டு மூக்கு வந்துரும். ஓரத்துல கூட்டல் குறி போட்டிருப்போம்ல, அதை வச்சுத்தான் சரி பண்றது. இதுல குறி எங்க?"

"குறி இல்லப்பா."

"அந்த மூலையில இருக்கே நட்சத்திரம், அதை வையி. எதிர் மூலையில ஒண்ணை வையி."

வைத்தேன். நகர்த்தினேன். கொஞ்சம் திருப்பினேன். நட்சத்திரங்கள் டக்கென்று ஒன்றாயின. நடுவே ரோஜா நிறத்தில் மேகம் மலர்ந்தது!

"இது நிஜக் கலரா?" என்றார். சிவப்பு, ஹைட்ரஜன் விடும் 656.3 நானோமீட்டர் ஒளி. பச்சை கலந்த நீலம், ஆக்சிஜனின் 500.7 என்றேன். கண்ணால் பார்த்தால் சாம்பல்தான், மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் பிடிபடாது என்றேன். ஹபிள் 1995-ல் எடுத்த கழுகு நெபுலா படத்தையும் காட்டினேன். அதில் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம்.

"ஹைட்ரஜன் சிவப்புன்னியே?"

"கந்தகமும் சிவப்புதாம்ப்பா. ரெண்டையும் பிரிச்சுக் காட்டத்தான் நிறத்தை மாத்திக் கொடுத்திருக்காங்க."

"அப்போ பொய் இல்ல. செப்பரேஷன்" என்றார். எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு சுருக்கமாக நான் படித்ததில்லை.

மறுநாள் படத்தைப் பென் டிரைவில் பிரஸ்ஸுக்குக் கொண்டு போனார். சாயங்காலம் வந்து, "மெஜந்தா கொஞ்சம் தூக்கல்" என்றார். ஆனாலும் அந்த பிரிண்ட் அவர் மிஷின் பக்கத்துச் சுவரில்தான் ஒட்டியிருக்கிறது.

அரியர் இன்னும் இருக்கிறது, நண்பர்களே. ஆனால் இப்போது ராத்திரி சாப்பிடும்போது, "கணக்கு எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று அப்பா கேட்கிறார். இந்த ஏப்ரலில் எழுதப் போகிறேன்.

ரெஜிஸ்டர் சரியாக விழும் என்ற நம்பிக்கையுடன்...

— மூன்றாம் ஆண்டு, இ.சி.இ.