சாய்வெளிச்சத்தில் ஒரு காசு

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பேருந்தில் ஏறிக் குன்னத்தில் இறங்கியபோது மணி எட்டு. எட்டரைக்குள் வந்துவிடச் சொல்லியிருந்தார்கள். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறிவிடும், திண்ணையில் சாய்ந்து விழும் வெளிச்சம் போய்விடும், பிறகு சாயங்காலம் நாலு மணிவரை காத்திருக்க வேண்டும் என்று தொலைபேசியில் அந்தப் பெண் சொன்னார். நான் பார்க்கப் போன பழைய காசுகளைப் போனில் படம் எடுப்பவர் அவர்தான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். காசுகள் அவருடைய தாத்தா சேர்த்தவை.

தாத்தா முப்பது வருடத்துக்கு மேல் கண்டக்டராக இருந்தவர். "கண்டக்டர் பை ஆத்துத் தண்ணி மாதிரி தம்பி. எது எங்கேருந்து அடிச்சிக்கிட்டு வரும்னு சொல்ல முடியாது" என்றார். கண்ணில் பட்ட பழைய காசை எடுத்துக்கொண்டு, அதே மதிப்புக்குத் தன் சட்டைப் பையிலிருந்து வேறு சில்லறையைப் போட்டுவிடுவாராம். வசூல் கணக்கில் ஒரு பைசா குறைந்ததில்லை என்பதை இரண்டு முறை சொன்னார். அப்படிச் சேர்ந்தவைதான் சதுரமான அலுமினிய 1 பைசா, அறுகோண 3 பைசா, வளைந்து வளைந்து போகும் விளிம்புள்ள 10 பைசா, தாமரை போட்ட மஞ்சள் 20 பைசா எல்லாம். 1957 ஏப்ரல் 1 முதல் புழக்கத்துக்கு வந்த நயா பைசாக்கள் தனியாக ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்தன. அவருடைய அம்மாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து வந்தவை வேறு. அதில் 1940-களின் போர்க்காலத்தில் உலோகத்தை மிச்சம்பிடிக்க நடுவில் துளை போட்டு அடித்த பைசா ஒன்று. துளையின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. அரைஞாண் கயிற்றில் கோத்துத் தன் இடுப்பில் கட்டியிருந்தார்கள் என்றார் தாத்தா. அந்தத் தேய்மானத்தைப் படத்தில் கொண்டுவரத்தான் அன்று பேத்தி முதலில் உட்கார்ந்தார்.

நான் எதிர்பார்த்த கருவி எதுவும் அங்கே இல்லை. பழைய பாடப் புத்தகங்களை அடுக்கி, மேலே போனை வைத்து, கேமரா இருக்கும் முனை மட்டும் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மறுமுனை தூக்காமல் இருக்க அரைக் கிலோ எடைக்கல். கீழே நகைப் பெட்டியிலிருந்து பிரித்த கறுப்பு வெல்வெட் துணி, அதன்மேல் வெட்டிய ரப்பர்த் துண்டு, ரப்பரின் மேல் காசு. காசைத் துணியில் நேராக வைத்தால் அதன் நிழல் விளிம்போடு ஒட்டிக்கொள்ளும், காசின் உருவமே கோணலாகத் தெரியும். ரப்பர் உயர்த்திவிடுவதால் நிழல் கீழே போய்க் கலங்கிக் கரைந்துவிடுகிறது.

"கிட்டக் கொண்டுபோனா நல்லா வரும்னுதான் முதல்ல நெனச்சேன் சார். போனோட நிழலே காசு மேல விழுந்துடுச்சு" என்றார். இப்போது ஒரு சாண் உயரத்தில் வைத்து, இரண்டு மடங்கு லென்ஸில் எடுக்கிறார். திரையில் காசின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் குவியமும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்கின்றன. பிறகு வெளிச்சத்தைச் சற்றுக் கீழே இழுக்கிறார். கறுப்புத் துணியைப் பார்த்துவிட்டு இருட்டு என்று போன் தானாக வெளிச்சத்தைக் கூட்டும், அதில் காசின் மேடான இடங்கள் வெளுத்துப்போகும். விரல் பட்ட அதிர்வு தெரியாமல் இருக்க மூன்று விநாடி டைமர். முகத்தை அழகாக்கும் வசதியை முதலிலேயே அணைத்துவிட்டாராம். அது காசின் கீறலையும் பரு என்று நினைத்து மழுப்பிவிடுகிறது.

புதுக் காசுதான் இவருக்குக் கஷ்டம். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக 2010-இல் வெளியிட்ட 5 ரூபாயை வைத்தால், கோயிலுக்குப் பதில் போனின் பிம்பமே அதில் தெரிந்தது. டீக்கடைக் காகிதக் கப்பின் அடியை வெட்டி எடுத்துவிட்டு, காசைச் சுற்றிக் கவிழ்த்து வைத்தார். வெளியிலிருந்து வந்த வெயில் காகிதத்தில் வடிந்து பால் மாதிரி இறங்கியது. விமானத்தின் அடுக்குகள் தெரிந்தன. பிறகு ஆண்டு எண்ணுக்கு அடியில் மட்டும் தனியாக ஒரு படம். எந்த நாணயச் சாலையில் அடித்தது என்பதற்கு அங்கேதான் அடையாளம் இருக்கும். வைரம் போட்டிருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், வட்டப் புள்ளி நொய்டா, ஒன்றும் இல்லாவிட்டால் கொல்கத்தா. மங்கிய படத்தில் புள்ளியும் வைரமும் ஒன்றுபோலவே இருக்கும்.

பக்கத்துத் தெருப் பத்தர் ஒருவர் தன் தராசைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். எடை, விட்டம், இரண்டு பக்கப் படம், காசு எப்படிக் கைக்கு வந்தது என்ற ஒரு வரி. இவ்வளவும் ஒரே எண்ணின் கீழ் நோட்டில் ஏறுகின்றன. பத்தர் ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட காலணா ஒன்றை எடுத்துக் காட்டினார். யாரோ புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். வெறும் கண்ணுக்குப் பளபளவென்று இருந்தது. சாய்வெளிச்சத்தில் எடுத்த படத்தில் அரசரின் கன்னம் முழுக்க ஒரே திசையில் கோடுகள். "பாத்திரத்த வெளக்குற மாதிரி காச வெளக்கிடறாங்க. நூறு வருஷத்துக் களிம்புதாங்க அதுக்குச் சட்டை" என்றார் பத்தர். வீட்டில் பழைய காசு வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் நான் கெஞ்சிக் கேட்க நினைப்பது இதைத்தான்: தேய்க்காதீர்கள்.

படம் எடுத்த செய்தி பரவியதும் வேறொரு தொல்லையும் வந்ததாம். 2012-இன் வைஷ்ணோ தேவி 5 ரூபாய்க்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று அழைப்புகள். ரிசர்வ் வங்கி தன் பெயரைச் சொல்லி இப்படிப் பணம் பறிப்பவர்களைப் பற்றி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் ஏமாந்தும் போனார் என்றார்கள். அதிலிருந்து, படத்தோடு ஒட்டிக்கொண்டு போகும் இடக் குறிப்பை நீக்காமல் பேத்தி எதையும் யாருக்கும் அனுப்புவதில்லை. பருத்திக் கொல்லையில் உழும்போது செப்புக் காசு கிடைத்தது என்று ஒருவர் கொண்டுவந்தபோதும் தாத்தா அதை வாங்கவில்லை, தாலுகா ஆபீசுக்குப் போகச் சொல்லி அனுப்பிவிட்டார். மண்ணுக்குள் கிடைப்பது 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம்.

ஒன்பதரை மணிக்குத் தாத்தா உள்ளே போய் ஒரு காகித உறையைக் கொண்டுவந்தார். திருச்சியில் நாணயக் கண்காட்சி ஒன்றில் இருபது வருடத்துக்கு முன் வாங்கியது. உறையின் மேல் அவர் கையெழுத்தில் 'ராஜராஜன்'. கறுத்துத் தேய்ந்த செப்புக் காசு. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம். ராஜராஜன் காசில் அமர்ந்தவரின் இடக்கை அருகே நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ' என்றிருக்கும். ஆனால் இதே அமைப்பைச் சோழருக்குப் பிறகு இலங்கை மன்னர்களும் எடுத்துக்கொண்டார்கள். பராக்கிரமபாகு, நிஸ்ஸங்கமல்லன், அரசி லீலாவதி என்று அவரவர் பெயரைப் பொறித்தார்கள். உருவம் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றே. யாருடைய காசு என்பதை எழுத்துதான் சொல்ல வேண்டும்.

பேத்தி ஏற்கெனவே எடுத்த ஒரு படத்தைக் கல்வெட்டு படிக்கத் தெரிந்த பேராசிரியர் ஒருவருக்கு அனுப்பியிருந்தார். எழுத்து எழும்பவில்லை, வேறு பக்கத்திலிருந்து வெளிச்சம் விட்டு எடுங்கள் என்று பதில் வந்திருந்தது. கல்வெட்டுக்காரர்கள் இருட்டிய பிறகு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் படிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதே வேலைதான். திண்ணைக் கதவைச் சாத்திவிட்டு, இன்னொரு போனின் டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்தார்கள். போன் அசையவில்லை, காசு அசையவில்லை. வெளிச்சம் மட்டும் கடிகார முள் மாதிரி சுற்றி வந்தது. எட்டுத் திசை, எட்டுப் படம்.

மேற்கிலிருந்து விட்டபோது முழங்கால் தெரிந்தது. வடக்கில் ஒன்றுமில்லை. வடகிழக்கில் வந்தபோது பேத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டார். கை ஓரமாக மூன்று வரியில் எழுத்துகள் நிழல் கட்டி நின்றன. படங்களைச் சுருங்கிவிடாமல் இருக்க டாக்குமென்ட்டாக வாட்ஸாப்பில் அனுப்பினார். நாங்கள் காப்பி குடித்து முடிக்கவில்லை, பதில் வந்துவிட்டது. ஸ்ரீ பராக்ரம பாஹு.

யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. தாத்தா போனை வாங்கிக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார்.

"கடல் தாண்டி வந்திருக்கா பாப்பா இது?"

"ஆமா தாத்தா."

"எந்தப் பையில, யாரு கொண்டாந்தாங்களோ" என்றார். சில்லறை எண்ணியே பழகிய விரல் காசை விளிம்பில் மட்டும் பிடித்து உறைக்குள் இறக்கியது. 'ராஜராஜன்' என்பதை அவர் அடிக்கவில்லை. அதன் கீழே புதுப் பெயரையும் அன்றைய தேதியையும் எழுதி, மை காயட்டும் என்று உறையைத் திண்ணை வெயிலில் வைத்தார். பேத்தி அடுத்த காசை ரப்பரின் மேல் ஏற்றிக்கொண்டிருந்தார். பத்து மணிக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது.