ஒரு கட்டளையும் தெரியாத அசெம்பிளர்

நான் கலைப்பீடம். மொழியியல் படிக்கிறேன். பிறகு ஏன் மைக்ரோகொன்ட்ரோலரோட மினக்கெடுறாய் எண்டு கேக்காத ஆளில்லை. காரணம் ஒரு சின்ன மென்பொருள்: ஃபிளாட் அசெம்பிளர் ஜி.

வழக்கமான அசெம்பிளருக்குள் ஏதோ ஒரு புரொசெசரின் கட்டளைகள் முதலே இருக்கும். போலந்தைச் சேர்ந்த தோமாஷ் கிரிஷ்தார் உருவாக்கிய இதற்குள் எந்தப் புரொசெசரின் கட்டளையும் இல்லை. கணக்குப் பார்க்கவும் மக்ரோக்களை விரிக்கவும் பைட்டுகளை எழுதவும் அதுக்குத் தெரியும். வேண்டிய கட்டளைகளை மக்ரோக்களாக நாங்களே எழுதிக் கொடுக்கலாம். இயந்திரம் ஒண்டு, இலக்கணம் வேற. மொழியியல்காரிக்கு வேறென்ன வேணும்?

ஏவிஆர் சிப்புகளுக்கான மக்ரோக்கள் அதனோட வரும் உதாரணங்களிலேயே இருக்கு. அவற்றைத் திறக்காமல், அர்டுயினோ ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்புக்கு, கட்டளைக் கையேட்டைப் பார்த்து நானே எழுதத் தொடங்கினேன்.

எல்டிஐ என்ற கட்டளை ஒரு ரெஜிஸ்டருக்குள் ஓர் எண்ணைப் போடும். கட்டளையின் மொத்த நீளம் 16 பிட். இது எல்டிஐதான் என்று சொல்ல 4 பிட், எண்ணுக்கு 8 பிட். மிச்சம் 4. சிப்பிலோ 0 முதல் 31 வரை 32 ரெஜிஸ்டர்கள். 4 பிட்டுக்குள் 16 பேருக்குத்தான் இடம். அதனால் எல்டிஐ 16 முதல் 31 வரையான ரெஜிஸ்டர்களை மட்டுமே ஏற்கும். கையேட்டில் விதிவிலக்குப் போலத் தெரிவது, எண்ணிப் பார்த்தால் இடநெருக்கடி.

பிட்டுகளை அடுக்கும் மக்ரோவுக்கு ஒரு சில வரி போதும். ஆனா ஆராவது 5ஆம் ரெஜிஸ்டர் எண்டு எழுதினா? இரும எண்ணில் 5 என்பது 00101, 21 என்பது 10101. கடைசி 4 பிட்டும் ஒண்டுதான். மக்ரோ அந்த நாலை மட்டும் பார்த்தால், 5க்குப் போகவேண்டியது சத்தமில்லாமல் 21க்குப் போயிடும். அசெம்பிளர் தடுக்காது, அதுக்குத்தான் ஏவிஆர் எண்டா என்னெண்டே தெரியாதே. எதை மறுக்கவேணும், மறுக்கும்போது என்ன சொல்லவேணும் என்பதையும் நான்தான் எழுதவேணும். என்ர மக்ரோக்களில் மறுக்கிற வரிகள்தான் கூட.

முதல் புரோகிராமுக்கு மூண்டு கட்டளைகள்: 13ஆம் பின்னை வெளியீடாக்கு, அதற்கு 1 கொடு, பிறகு அதே இடத்தில் சுற்றிக்கொண்டிரு. மொத்தம் 6 பைட். போர்டில் இருந்த சின்ன எல்ஈடி எரிஞ்சுது.

"ஏனடி இவ்வளவு பாடு? அர்டுயினோ மென்பொருள்ல ரெண்டு நிமிச வேலை" எண்டாள் அறைத்தோழி. உண்மைதான். ஆனா அங்க விதிகளை எனக்கு முன்னமே ஆரோ எழுதி மூடி வச்சிட்டினம். இங்க ஒவ்வொரு விதிக்கும் காரணம் கேட்டுத்தான் எழுதவேண்டியிருந்தது.

சாதாரண தரம் முடிச்ச கையோட கலை, விஞ்ஞானம் எண்டு எங்களைப் பிரிச்சதும் ஒரு விதிதான். எல்டிஐ பாதி ரெஜிஸ்டர்களை வெளியில விட்டதுக்குக் காரணம் 4 பிட். ஆரும் எண்ணிப் பாக்கலாம். எங்களைப் பிரிச்சதுக்கும் அப்பிடி எண்ணிப் பாக்கக்கூடிய ஒரு காரணம் இருந்தா, ஆராவது எழுதிக் காட்டுங்கோ.