இரண்டு ஜிபிக்குள் ஒரு ஊர்

‘இன்வலிட் ஆர்கியுமென்ட்.’ திரையில் வந்தது இவ்வளவுதான். 2022 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், எங்கட வாசிகசாலைக் கணினியில் ஒரு கல்வெட்டின் விபரத்தைப் பதிந்து சேமிக்கப் போன நேரம் வந்தது. “நாங்கள் ஒருத்தரோடயும் ஆர்கியு பண்ணேல்லையே” என்று எங்களில் ஒருத்தன் பகிடி விட்டான். ஓகே அழுத்தினால் போகும், திரும்பச் சேமித்தால் திரும்ப வரும். அரை மணித்தியாலத்துக்குப் பிறகுதான் கோப்பின் அளவைப் பார்க்கவேணும் என்று மண்டையில் பட்டது. 1.99 ஜிபி. அக்சஸ் கோப்பு ஒன்று 2 ஜிபிக்கு மேல் வளராது. நாங்கள் கூரையில் போய் முட்டியிருந்தோம்.

கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டினது இல்லை. ஒருவர் செத்து 31ஆம் நாள் அந்தியேட்டிக்குக் கொடுக்கிற சின்னப் புத்தகம். முன்பக்கத்தில் படம், பிறகு வாழ்க்கை வரலாறு, தேவாரம், வம்சாவளி, கடைசியில் நன்றி நவிலல். எல்லா வீட்டிலயும் நாலைஞ்சு கிடக்கும். சாமியறைத் தட்டிலயோ அலுமாரிக்கு மேலயோ. 1995இல் வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டபோது அல்பங்களைத் தூக்கிக்கொண்டு போனவை குறைவு. அதால கனபேருக்குத் தாத்தாவின் முகம் என்று இருக்கிறதே கல்வெட்டில் அச்சடித்த அந்த ஒரு படம்தான். அதுகளைச் சேர்த்து, ஆர் ஆருக்குப் பிள்ளை என்று தொடுத்து, ஊருக்கு ஒரு பெரிய வம்சாவளி செய்யிறதுதான் எங்கட எண்ணம்.

தரவுத்தளத்தைச் செய்து தந்தவர் ஒரு அண்ணா. இப்ப கனடாவில். ஆட்களுக்கு ஒரு அட்டவணை, உறவுகளுக்கு ஒரு அட்டவணை, புத்தகங்களுக்கு ஒரு அட்டவணை என்று வடிவாய்ச் செய்திருந்தார். கெடுத்தது நாங்கள். அவர் போன பிறகு ‘படம்’ என்று ஒரு நிரலைச் சேர்த்து, ஸ்கான் பண்ணின படங்களைப் பெயின்டில் திறந்து அப்படியே அதுக்குள்ள ஒட்டினோம். படிவத்தைத் திறந்தால் பேருக்குப் பக்கத்தில் முகம் வரும். பார்க்க நல்லாத்தான் இருந்தது. ஆனால் அப்படி ஒட்டினது சுருக்காத பிட்மப். 1200க்கு 1800 புள்ளி உள்ள ஒரு படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் 3 பைட் என்று கணக்குப் பாருங்கோ, ஆறு எம்பிக்கு மேல வரும். ஜேபெக்காக இருந்தபோது அதே படம் 300 கேபிதான். முன்னூறு சொச்சம் முகத்தோட இரண்டு ஜிபி சரி.

அதைவிடப் பெரிய மடைத்தனம் ஒன்று இருக்கு. ஒட்டின பிறகு ஜேபெக் கோப்புகளை அழித்துவிட்டோம். கணினியில் இடம் இல்லை, ‘டேட்டாபேசுக்குள்ள இருக்குத்தானே’.

அன்றைக்குப் பதட்டத்தில் செய்த முதல் வேலை, இரட்டைப் பதிவுகளைத் தேடி அழித்தது. ஒரே பேரில் இரண்டு இருந்தால் ஒன்றைத் தூக்கினோம். 41 பதிவு போனது. கோப்பைப் பார்த்தால் அதே 1.99. ஒரு கேபி குறையவில்லை. சிஆர் கொப்பியில் பத்துப் பக்கத்தைக் கோடு போட்டு வெட்டினால் கொப்பி மெலியுமா? அக்சஸும் அப்படித்தான். அழித்த இடத்தை வெறுமை என்று குறித்துக்கொள்ளும், கோப்பின் அளவைக் குறைக்காது. குறைக்கவேணும் என்றால் ‘கொம்பக்ட் அன்ட் ரிப்பெயார்’ கொடுக்கவேணும். அது வெட்டாத பக்கங்களை மட்டும் புதுக் கொப்பியில் பார்த்தெழுதிவிட்டுப் பழசை எறியும். அதுக்குப் பழையதும் புதியதும் ஒரே நேரத்தில் இருக்க வன்தட்டில் இடம் வேணும். எழுதி முடியுமட்டும் கரண்டும் நிற்கவேணும்.

கரண்ட். அந்த மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் வெட்டினாங்கள். யூபிஎஸ் பற்றரி செத்து இரண்டு வருஷம். ‘மூடும்போது தானாகச் சுருக்கு’ என்று ஒரு தெரிவு இருக்கு, முதலில் அதைத்தான் நிறுத்தினோம். ஆரும் தெரியாமல் மூடி, பாதியில் கரண்ட் போனால் பிறகு என்ன செய்யிறது.

வாசிகசாலைத் தலைவர் ஐயா வந்து பார்த்தார். “பேர்விபரம் இருந்தாக் காணும் தம்பியவை. படங்களை அழிச்சுப்போட்டுச் சுருக்குங்கோ, சுகமா முடிஞ்சிடும்.” அவர் சொன்னது தொழில்நுட்பப்படி சரி. நாங்களும் கொஞ்ச நேரம் யோசித்தோம், உண்மையைச் சொல்லவேணும். ஆனால் முதல் கிழமைதான் ஒரு அக்கா வந்து தன்ர அப்பாவின் படத்தைப் பெரிசாக்கித் தரச்சொல்லிக் கேட்டுவிட்டுப் போயிருந்தா. கல்வெட்டைத் தந்த மாமி வீட்டில் அதைக் கறையான் அரித்துவிட்டது. அந்த முகம் இருந்தது எங்கட கோப்புக்குள்ள மட்டும்தான்.

முதலில் மூலக் கோப்பைப் பென்டிரைவில் பிரதி எடுத்தோம். பிறகு ஒவ்வொரு படமாக இரண்டு தரம் கிளிக் பண்ணி, பெயின்டில் திறந்து, ஆளின் முதன்மைச் சாவி இலக்கத்தையே பேராய் வைத்து, ஒரு கோப்புறையில் ஜேபெக்காகச் சேமித்தோம். சாதாரண தர ஐசிடி பாடத்தில் மனப்பாடம் பண்ணின முதன்மைச் சாவி இதுக்குத்தான் உதவப் போகுது என்று ஆர் கண்டது. கரண்ட் இருக்கிற நேரத்துக்கு ஆள் மாறி ஆள் இருந்தோம், ஒன்பது நாள் எடுத்தது. முடிந்த பிறகு படம் என்ற நிரலை அழித்து, அந்த இடத்தில் கோப்பின் பேரை மட்டும் எழுத்தாய் வைத்து, சுருக்கக் கொடுத்தோம். 1.99 ஜிபி 9 எம்பியாய் வந்து நின்றது. ஒரு ஊரின் பேர்களும் திகதிகளும் சொந்தங்களும் 9 எம்பி.

கையோடு பாமினியில் இருந்த எழுத்துகளையும் யூனிக்கோட்டுக்கு மாற்றினோம். திரும்ப வீங்கிச்சுது. அக்சஸ் எழுத்துகளைச் சுருக்கி வைக்கும்தான், ஆனால் ஆங்கில எழுத்துக்குத்தான் அந்தச் சலுகை. பாமினி கணினியின் கண்ணுக்கு ஆங்கிலம். ‘அம்மா’வைப் பாமினியில் ஐந்து எழுத்தாய் அடித்தால் ஏறக்குறைய ஐந்து பைட், யூனிக்கோட்டில் பத்து. “அப்ப பாமினியிலேயே விட்டா என்ன?” என்று ஒரு தங்கச்சி கேட்டா. ஒருதரும் ‘சின்னத்தம்பி’ என்று அடித்துத் தேடினால் வராதே. வீங்கினது வீங்கினதாய் இருக்கட்டும் என்று விட்டோம், 16 எம்பி.

கம்பஸில் படிக்கிற நண்பர் ஒருவர் இதை விட்டுவிட்டு மைஎஸ்கியூஎல்லுக்குப் போகச் சொன்னார். போகலாம். ஆனால் பின்னேரத்தில் வாசிகசாலையைத் திறந்து வைக்கிற அன்ரிக்கு அண்ணா செய்த படிவம் பழகிவிட்டது, நாங்கள் இல்லாத நாளிலும் அவ பதியிறா. 2 ஜிபிக்கு இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கு.

இனி அந்த 41. ஆறுதலாய் இருந்து பார்க்கையில் அதில் மூன்று இரட்டைப் பதிவே இல்லை என்று தெரிந்தது. பேரன்மார். தாத்தாவின் பேரை வைத்த பிள்ளைகள், முதலெழுத்தும் ஒன்று. தொடுப்பில் இருக்கிற ஆளை அழிக்க விடாத கட்டுப்பாடு ஒன்றை அண்ணா போட்டுத்தான் வைத்திருந்தார். பதியிற நேரமெல்லாம் பிழை சொல்லி அரியண்டம் தருது என்று நாங்கள்தான் அதை நிற்பாட்டியிருந்தோம்.

எட்டு மாதத்துக்கு முந்தின பிரதி ஒன்று வேறொரு பென்டிரைவில் கிடந்தது. அதில் இரண்டு பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் அந்த அக்காவின் அப்பா. அவவுக்கு நாங்கள் இந்தக் கதையைச் சொல்லவில்லை, படத்தைப் பெரிசாக்கிக் கொடுத்தோம். மூன்றாமவர் அதுக்குப் பிறகு பதிந்தவர், இலக்கம் 208. உறவு அட்டவணையில் அந்த இலக்கம் இன்னும் இருக்கு. 215இன் தகப்பன் 208 என்று காட்டும். மகனின் கல்வெட்டைப் பார்த்துத் தகப்பனின் பேரைத் திரும்பப் பதிந்துவிட்டோம். படம் இல்லை. அவரின் கல்வெட்டை ஆரிடம் வாங்கி ஸ்கான் பண்ணினோம் என்று எழுதி வைக்கவும் இல்லை. இப்ப வீடு வீடாய்க் கேட்டுக்கொண்டு திரிகிறோம்.