மக்காச்சோளமும் சுண்ணாம்பு நீரும்

பெயரிலே 'மக்கா' இருப்பதால் மக்காச்சோளத்தை அரபு மண்ணின் தானியமெனக் கருதுவோர் நம்மிடையே இன்றும் உண்டு. அதன் தாயகம் மெக்ஸிகோ. சுமார் 9000 ஆண்டுகளுக்கு முன், அந்நாட்டின் தென்பகுதி மக்கள் ஒரு காட்டுப் புல்லை விளைநிலத்திற்குக் கொணர்ந்து பழக்கியதால் உண்டான பயிர் அது. நம் குழம்பைச் சிவக்கச் செய்யும் மிளகாயும் அத்திசையிலிருந்து கடல் கடந்து வந்ததே.

டெக்ஸாஸில் என் மகள் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தபோது, அண்டை வீட்டு மூதாட்டி ஒருவரின் சமையலை அருகிருந்து காணும் வாய்ப்புக் கிட்டியது. மெக்ஸிகோவின் வஹாக்கா மாநிலத்தைச் சேர்ந்தவர். உலர்ந்த சோள மணிகளை, நாம் வெற்றிலையில் தடவும் அதே சுண்ணாம்பைச் சிறிது கரைத்த நீரில் வேகவைத்து, இரவு முழுதும் அதிலேயே ஊறவிட்டார். காலையில் கழுவியபோது தோல் கழன்று, மணிகள் பருத்து மென்மையாகியிருந்தன. நிஷ்தமால் என்பது இதன் பெயர். இதை அரைத்து, தட்டி, சூடான கல்லில் சுட்டெடுத்தால் தோர்த்தியா. அந்த மணத்தை என்னால் எழுத்தில் வடிக்க இயலவில்லை. மழை நனைத்த மண்ணுக்குச் சற்று அருகே வரும்.

சுண்ணாம்பு எதற்கு? மக்காச்சோளத்தில் நியாசின் எனும் உயிர்ச்சத்து உண்டு. ஆயினும் அது நம் உடல் ஏற்கவியலாதவாறு கட்டுண்டு கிடக்கிறது. சுண்ணாம்பு நீர் அக்கட்டை அவிழ்க்கிறது. உயிர்ச்சத்து என்ற சொல்லே பிறவாத காலத்தில், மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அம்மக்களின் அடுப்படி இம்முறையைக் கையாண்டது.

1521இல் ஸ்பானியர் அந்நாட்டை வென்றனர். சோளம் ஐரோப்பா சென்றது. சுண்ணாம்புப் பக்குவம் உடன் செல்லவில்லை. விளைவு கொடியது. 18ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினிலும் இத்தாலியிலும், சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளைப் பெல்லாக்ரா எனும் நோய் பீடித்தது. தோல் வெடித்து, வயிறு கெட்டு, சித்தம் கலங்கி மடிந்தனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் அதே அவலம். தொற்றுநோய் என்றே மருத்துவர் பலர் எண்ணினர். உணவுக் குறையே காரணமென்று ஜோசப் கோல்ட்பர்கர் எனும் மருத்துவர் 1914க்குப் பின் ஆய்ந்து காட்டினார். தானியத்தைக் கொண்டு சென்றோர், அதைச் சமைத்த பெண்களிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம்.

ஸ்பானியர் கொண்டு வந்தவையும் உண்டு. முஸ்லிம் ஸ்பெயினின் கோஃப்தா உருண்டைகள் 'அல்பொந்திகாஸ்' என்ற அரபு வேர்ப் பெயரோடு மெக்ஸிகோ சூப்பில் இன்றும் மிதக்கின்றன. பன்றிக் கொழுப்பும் அவர்களோடுதான் வந்தது. இன்று பல பண்டங்களில் அது கலக்கிறது. அங்கு வாழும் நம் பிள்ளைகள் கேட்டறிந்தே உண்கின்றனர். சோளத் தோர்த்தியாவிலோ வழமையாகச் சோளமும் சுண்ணாம்பும் நீருமே.

2010இல் மெக்ஸிகோவின் மரபுச் சமையலை யுனெஸ்கோ மானுடப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. மகிழ்ச்சியே. ஆயினும், மெத்தாத்தே எனும் சாய்ந்த அம்மியின் முன் மண்டியிட்டுப் பெண் அரைக்கும் படத்தை அச்சிட்டு மரபென்று போற்றுவோரைக் கண்டால் எனக்குச் சற்றே உறுத்துகிறது. அம்மூதாட்டியின் தாயார் இருட்டிலேயே எழுந்து, நாள்தோறும் பல மணி நேரம் அரைத்தவராம். முழங்கால்கள் காய்த்துப் போயிருந்தனவாம். ஊருக்கு அரைவை ஆலை வந்தபோது பெண்கள் கொண்டாடினர். ஆலை மாவில் ருசியில்லை என்று முணுமுணுத்தோர் ஆண்களே என்று சொல்லிச் சிரித்தார். எங்கள் வீட்டிற்கு மிக்ஸி வந்த நாளில் என் உம்மாவின் முகத்தைப் பார்த்தவள் நான்; எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

இப்போது பொட்டலத்தில் ஆயத்த மாவு விற்கிறது. அவசரத்திற்கு அவரும் வாங்குவதுண்டு. பேரப்பிள்ளைகள் வரும் நாளில் மட்டும் முந்தைய இரவே சுண்ணாம்பு கரைக்கிறார். காலையில் மூத்த பேத்தியை அழைத்துக் கழுவச் சொல்கிறார்.