மண்ணுக்குள் ஒரு தாழி

ஒயின் என்றதும் முகத்தைச் சுளிக்காதீர்கள்! ஜார்ஜியா நாட்டின் ககேதி பகுதியில் அது குடும்பக் காரியம்; நம் வீட்டு ஊறுகாய் ஜாடி மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்களேன்.

அங்கே பல வீடுகளில் தரையில் வட்டமான வாய் மட்டுமே தெரியும். கீழே புதைந்திருப்பது 'க்வெவ்ரி' என்னும் மண் தாழி. ஆள் உள்ளே இறங்கிக் கழுவுகிற அளவுக்குப் பெரியவையும் உண்டு! 'ர்காட்சிதெலி' என்ற வெள்ளைத் திராட்சையை நசுக்கி, தோல், கொட்டையோடு அதில் இடுகிறார்கள். நொதித்து அடங்கியதும் மூடிவிட்டால், ஐந்தாறு மாதம் மண்ணின் குளுமையே பக்குவம் பார்த்துக்கொள்ளும். தேன் நிறத்தில் வரும் அந்த ஒயினுக்கு, அக்ரூட் விழுது வைத்துச் சுருட்டிய கத்தரிக்காய் வறுவல் ஜோடி. 'சபெராவி' என்ற இன்னொரு திராட்சைக்குச் சதைகூடச் சிவப்பு; அதன் ஒயின் தணலில் வாட்டிய இறைச்சியோடு சேரும்.

குழந்தைகளுக்கு? மாவு கலந்து காய்ச்சிய திராட்சைச் சாற்றில், நூலில் கோத்த அக்ரூட் பருப்பை முக்கி உலர்த்திய 'சுர்ச்கேலா' இருக்கிறதே!

சோவியத் ஆட்சியில் ஆலைகள் விரும்பியது சில ரகங்களைத்தான். 500-க்கும் மேற்பட்ட நாட்டு ரகங்களில் பல அருகிப் போயின. தாழியையும் சில அருமையான ரகங்களையும் விடாமல் காத்தவை வீட்டுக் கொல்லைகளே. 2013-ல் யுனெஸ்கோ இந்தத் தாழி முறையை மனித குலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆலை கைவிட்டதைக் குடும்பம் கைவிடவில்லை, பார்த்தீர்களா!